காலியாக இருந்த மூலை

பிள்ளைக் காம்பராவுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன கிழமை உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "ஆயம்மா, எங்க கூட்டத்துல வந்து ரெண்டு வார்த்த பேசுங்க" என்று கேட்டீர்கள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பிழை வந்தால் வெட்டிவிட்டு மறுபடி எழுதலாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் பயிற்சி முடித்து வந்தவர்கள். பிள்ளைக்கு என்ன கொடுப்பது, எப்போது தூங்க வைப்பது, பூச்சி மருந்து எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்த பிழை அது. அந்த மாதிரிப் பிழையைத்தான் நம் வேலையில் அதிகம் செய்வோம்.

தோட்டம் கம்பெனிக்குக் கைமாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். எங்களுடையது தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம். மேல் மலையில் கொஞ்சம் தேயிலையும் இருந்தது. மழை பிடித்தால், கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் விடும்.

கீழ் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் வீடுகளில் கடைசி வீட்டில் புஷ்பம் என்று ஒரு பெண் இருந்தாள். கொழுந்து எடுப்பவள். புருஷன் சந்திரன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன். அவர்களுடைய மகள் மேனகாவுக்கு அப்போது ஒன்றரை வயது. வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போகும் இருபது பிள்ளைகளில், என் கண் முதலில் தேடுவது அவளைத்தான். அவ்வளவு லேசாக இருப்பாள். இடுப்பில் தூக்கி வைத்தால், வெறும் துணியைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும்.

மாதத்துக்கு ஒரு நாள் மிஸ்ஸி வந்து பிள்ளைகளை நிறுப்பார். மிஸ்ஸி என்றால் மருத்துவிச்சி. சிங்களவர். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் நமக்கு விளங்கும். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான். பேர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் வாயைத் திறக்க மாட்டார். வாசலில் நின்று மூக்கால் பார்ப்பார். அடுப்பு எரிந்ததா, பிள்ளைக்கு வயிற்றால் போகிறதா, சாராயம் இருக்கிறதா, எல்லாம் அவருக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். நானும் அப்படி நிற்கப் பழகினேன்.

மேனகாவின் நிறை இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே வந்தது. நிறை குறிக்கும் அட்டையில் கோடு கீழே சரிந்தது. காலிலும் தொடையிலும் புண். பூச்சி வயிறு. மிஸ்ஸி புஷ்பத்தைப் பார்த்து, "அடுத்த மாசம் ஏறல்லன்னா வார்ட்டுக்குத்தான் போட வேணும்" என்றார்.

புஷ்பம் சரி என்று தலையாட்டினாள். ஆனால் பிள்ளையைப் பிடித்திருந்த அவளுடைய விரல் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவளுடைய மூத்த பிள்ளையும் இப்படித்தான் இளைத்து, ஆஸ்பத்திரி வார்ட்டுக்குப் போனது. போனது திரும்பி வரவில்லை. அதனால் வார்ட் என்ற சொல்லை அவள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, பகல் பத்து மணிபோல மிஸ்ஸியும் நானும் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். புஷ்பத்தை அரை நாள் வேலையிலிருந்து கூட்டிக்கொண்டுதான் போனோம். லயத்து வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே ஒரே காம்பரா, ஒரே அறை. அதற்கு முன்னால் அரைச்சுவர் வைத்த இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பில் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். புஷ்பம் வீட்டு இஸ்தோப்பில் இடது பக்கம் விறகு, கோழிக்கூடு, மண்வெட்டி, சந்திரனுடைய பால் வாளி, மரத்தில் உறைந்ததை உரித்தெடுத்த, நாற்றமடிக்கும் ஒட்டுப்பால் கட்டி. நடுவில் புஷ்பம் மழைக்குப் போர்த்திக்கொண்டு போகும் படங்கு, நனைந்து, சேற்றோடு கிடந்தது. அதில் இரண்டு அட்டைப்பூச்சி நெளிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு முன்னால் கழிவுநீர்க் கான் ஓடுகிறது. கானில் வந்த சேறு படியேறி, காம்பராவுக்குள்ளும் போயிருந்தது. மேனகாவை இறக்கி விட்டதும் நேராக அந்தப் படங்குக்குத்தான் தவழ்ந்து போனாள். அதிலிருந்து மண்ணைச் சுரண்டி வாயில் வைத்தாள். வெல்லம் தின்கிற மாதிரி தின்றாள்.

"நோய் இந்த வழியாத்தான் உள்ளுக்கு வர்ரது" என்றார் மிஸ்ஸி. "மே வாசல் ஹதன்ன ஓனே." இந்த வாசலைத் திருத்த வேண்டும் என்று.

நான் செய்கிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகச் சொன்னேனோ, பிள்ளைக்காகச் சொன்னேனோ, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தோட்டத்தை நடத்தும் சின்ன துரையிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, துண்டுக் கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன். வெட்டிப்போட்ட பழைய ரப்பர் மரத்துப் பலகை ஆறு கொடுத்தார். சந்திரனும் நானும் இரண்டு நாள் வேலை செய்தோம். படிக்கு முன்னால் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி எடுத்து, ஆற்றுக் கூழாங்கல் நிரப்பினோம், சேறு அங்கேயே உதிர்ந்துவிடும் என்று. ஒரு பழைய கேனில் ஓட்டை போட்டு, கொய்யாக் குச்சியை அடைத்து, கால் கழுவத் தண்ணீர் வைத்தோம். படங்கு மாட்ட முளை. செருப்புக்கு ஒரு தட்டு. உட்கார்ந்து அட்டை பிடுங்க ஒரு சின்னப் பலகை, பக்கத்தில் உப்பு டின். காம்பரா வாசலில் பிள்ளை தாண்டாமல் குறுக்கே ஒரு கட்டை.

இதையெல்லாம் இஸ்தோப்பில் எங்கே வைப்பது? இடது பக்கம் சாமான் நிறைந்திருந்தது. வலது மூலை, பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய மூலை, சாரல் படாமல், சாணம் மெழுகி, காய்ந்து, காலியாக இருந்தது. ஒரு பழைய பாய் மட்டும் சுருட்டி நிறுத்தியிருந்தது. எவ்வளவு வசதி என்று நினைத்தேன். செருப்புத் தட்டையும் கால் கழுவும் கேனையும் முளைகளையும் அங்கேயே வைத்தேன். பாயை எடுத்து ஒரு முளையில், சந்திரன் ஒட்டுப்பால் சுமக்கும் சாக்குக்குப் பக்கத்தில் மாட்டினேன். புஷ்பம் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ராக்கு அக்கா அரைச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "என்னாடி புஷ்பம், தொர பங்களா கணக்கா இருக்கு. இனி ஒங்க வீட்டுக்கு உப்பு கடன் கேட்டு வரவும் கால கழுவணுமா?"

"கழுவணும் அக்கா" என்றான் சந்திரன். "ஒங்களுக்கு மட்டும் ரெண்டு தடவ."

ஒரு கிழமை கழித்து மிஸ்ஸி வந்து பார்த்து, "ஹரி லஸ்ஸணய்" என்றார். ரொம்ப அழகு என்று. மற்ற லயத்துத் தாய்மாரையும் கூட்டிவந்து காட்டினார். நான் ஓரமாக நின்றேன். காது சூடாகியிருந்தது.

அடுத்த மாதம் நிறுக்கும் நாள் வந்தது. மேனகாவின் காலில் புண் ஆறியிருந்தது. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. மண் தின்பது நின்றுவிட்டது. நான் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நிறை இன்னும் இறங்கியிருந்தது.

மிஸ்ஸி இரண்டு தடவை நிறுத்தார். பிறகு புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "வாசல் செஞ்சி குடுத்தது. மருந்து குடுத்தது. நீ புள்ளைக்குச் சோறு குடுக்கிறதில்ல. வேற என்ன?" என்றார். எல்லாத் தாய்மாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று அட்டையை மடித்தேன்.

மிஸ்ஸி கடிதம் எழுதப் பேனாவை எடுத்தார். வார்ட்டுக்கான கடிதம். அப்போது புஷ்பம் என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். பிடித்தது வெளியே தெரியாது. பின்னாலிருந்து பிடித்தாள்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியாது. "ரெண்டு கிழம, பதினாலு நாள் பொறுங்க மிஸ்ஸி" என்றேன்.

"ஏன்?"

"என்னமோ ஒன்னு நமக்குத் தெரியாம இருக்கு."

மிஸ்ஸி பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். பிள்ளையின் கண்ணை இழுத்துப் பார்த்தார், காலை அமுக்கி வீக்கம் பார்த்தார், நெற்றியில் புறங்கையை வைத்தார். "காய்ச்சல் வந்தா, வயித்தால போனா, அன்னைக்கே கொண்டு போக வேணும். ஒருநாளைக்கு ஒருக்கா நீ பார்க்க வேணும். நீ பொறுப்பு."

சரி என்றேன். பிள்ளைகளே, இதை மட்டும் என்னைப் பார்த்துப் பழக வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் இப்படித் தவணை கேட்கக் கூடாது. காய்ச்சல் இருந்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். மிஸ்ஸி கண்ணையும் காலையும் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அதை மறக்க வேண்டாம்.

அன்று பின்னேரம் புஷ்பத்தோடு நானும் லயத்துக்கு நடந்தேன். கோயிலுக்குப் பிரிகிற பாதை வந்ததும், இடுப்பிலிருந்த மேனகா அந்தப் பக்கம் கையை நீட்டி முறுக்கினாள். புஷ்பம் நிற்காமல் நடந்தாள். பிள்ளை வில்லாக வளைந்து அழுதது.

"என்னா தேடுது?"

"தாத்தாவ."

புஷ்பத்தின் மாமனார் மாரிமுத்து. அவரை எனக்குத் தெரியும். பால் வெட்டி ஓய்ந்தவர். மாட்டுக்குப் புல் அறுக்கக் காலையிலேயே போய்விடுவார், அதனால் நான் போகிற நேரத்தில் வீட்டில் இருந்ததே இல்லை. நாங்கள் வாசலைத் திருத்திய இரண்டு நாளும் அவர் கித்துல்கலப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"மாமா கோயில்லயா இருக்காரு?"

"காவலுக்குப் போயிருக்காரு. ராவும் அங்கதான் படுக்கிறாரு."

"எப்ப இருந்து?"

புஷ்பம் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க பலகை அடிச்சி முடிச்சீங்களே. அதுக்கு மறுநாள்ல இருந்து."

நான் நடுப் பாதையில் நின்றுவிட்டேன். அந்தச் சாணம் மெழுகிய மூலை. அந்தப் பாய்.

"மாமா படுக்கிற எடமா அது?"

"வேற எங்க படுப்பாரு ஆயம்மா? உள்ளுக்கு நாங்க இருக்கோம். அதுக்குத்தானே அந்த மூலையில ஒரு சாமானும் வைக்காம வச்சிருந்தோம்."

"ஏன் புஷ்பம் எங்கிட்ட சொல்லல்ல?"

"நீங்க மிஸ்ஸியோட வந்தீங்க" என்றாள். "எப்பிடி வேணாம்னு சொல்றது?"

வேறு யாராவது செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் லயத்தில் பிறந்தவள். என் அப்பாவும் சாகும்வரை இஸ்தோப்பில்தான் படுத்தார். விடிந்ததும் பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்ப்பார். பகல் முழுக்க அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். நாங்கள் பிள்ளைகள் விளையாடினாலும் அங்கே சாமான் வைக்க அம்மா விடமாட்டாள். இதெல்லாம் தெரிந்த நான், மிஸ்ஸியின் மூக்கோடு அந்த வாசலில் நின்று, ஒரு மூலை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்காமல் போனேன். லயத்து வீட்டில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. காலியாக இருந்தால், யாருக்கோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சரி, பாப்பா ஏன் சாப்பிடல்ல?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"மாமாதானே ஊட்டுவாரு. நான் மலையில இருந்து வந்து தண்ணி எடுத்து, அடுப்பு மூட்டி, எனக்கு எங்க நேரம்? அந்த மூலையில மடியில வச்சிக்கிட்டு, கோழியக் காட்டிக் காட்டி, ஒரு மணி நேரம் ஊட்டுவாரு. இப்ப நானும் ஊட்டிப் பார்க்குறேன், எங்க வீட்டுக்காரரும் ஊட்டிப் பார்க்குறாரு. வாயைத் தெறக்க மாட்டேங்குது. மாமாவ வரச் சொல்லுங்கன்னு அவர்ட்ட சொன்னேன். அப்பா ஆசையா கோயில் வேல பார்க்குறாரு, விடு அப்படின்னுட்டாரு."

மறுநாள் பகல், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், காம்பராவை மற்ற ஆயாவிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மாரிமுத்து மாமா மண்டபத்துத் தூணில் சாய்ந்து தேங்காய் நாரைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆயம்மா. சாமி கும்பிடவா? பூட்டியிருக்கே. சாமி பகல் தூக்கம் போடுது."

"பரவால்ல மாமா. முழிக்கட்டும்." படியில் உட்கார்ந்தேன்.

"திருவிழாவுக்குச் சாமான் எல்லாம் வந்திருக்கு. அதான் காவலுக்கு இருக்கேன்" என்றார், நான் கேட்காமலே.

மண்டபத்தைப் பார்த்தேன். தோல் கிழிந்த ஒரு மேளம் இருந்தது. ஒரு அகப்பை இருந்தது. மூலையில் அந்தப் பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது.

"ஆமா, காவல் வேணும்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் நாரைத் திரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "பாப்பா சாப்பிடுதா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

திரித்த கை நின்றது. "சும்மா ஊட்டுனா வாங்காது. பக்பக்பக்னு கோழியக் கூப்புடணும். கோழிக்கு ஒரு பருக்க, பாப்பாவுக்கு ஒரு வாய். கோழிக்குப் போட்டுட்டா இதுக்குப் பொறாம வந்துரும். ஆன்னு தெறக்கும். சின்னவளுக்கு அவ்வளவு வஞ்சகம்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"வீட்டுக்கு வாங்க மாமா."

"காவல் இருக்கே."

என்னிடம் இரண்டு வழி இருந்தது. காவல் பொய் என்று உடைக்கலாம். உடைத்தால் அவர் வெறுங்கையோடு நிற்பார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், "அதெல்லாம் ஒன்னுமில்ல ஆயம்மா" என்று பெரிய மனதாகச் சொல்லிவிட்டு, அங்கேயே இருப்பார். நான் முதலில் உள்ளதைச் சொன்னேன்.

"மாமா, அந்தப் பாய சாக்கோட மாட்டுனது நான். ஒங்க மருமக இல்ல."

"தெரியும். புஷ்பம் அப்பிடி செய்யாது."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

நாரைக் கீழே வைத்தார். "என்னா ஆயம்மா கேக்குறீங்க. செருப்பு விடுற எடத்துல தலய வச்சிப் படுத்தா, நாளைக்கு எம்பேத்தி என்னய எந்த எடத்துல வச்சிப் பார்க்கும்?"

அவர் கீழே வைத்த நாரை நான் எடுத்துச் சுருட்டினேன்.

"ஒங்கள நான் குத்தம் சொல்லல்ல" என்றார். "பாப்பாவுக்காகத்தான் செஞ்சீங்க. நான் வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா என்னா ஆகும்? கெழவன் தன் பாய்க்காகப் புள்ளய நோயில விட்டான்னு லயமே பேசும். மூத்ததும் போச்சி. அதான் பேசாம எந்திரிச்சி வந்துட்டேன்."

அந்த மனிதர் பேத்தி பிழைக்கட்டும் என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் விட்டுக்கொடுத்ததால்தான் பேத்தி இப்போது இளைத்துக்கொண்டிருந்தாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் தன் பிழை என்று தூக்கிக்கொள்வார்.

"மாமா, எனக்கு அந்த வாசல மறுபடி பிரிச்சி அடிக்கணும். எனக்கு எடம் தெரியல்ல. நீங்க வந்து, மொதல்ல ஒங்க எடத்தக் காட்டுங்க. அத விட்டுட்டு மிச்சத்துல செருப்ப வைக்கிறேன்."

"மிச்சமே இருக்காதே ஆயம்மா."

"இல்லாட்டி செருப்பு மழையில நனையட்டும்."

இந்தத் தடவை முழுதாகச் சிரித்தார். பிறகு, "இங்க காவல்?" என்றார்.

"மாமாவுக்கு லயத்துல ஒரு அவசர வேலன்னு கோயில் தலைவர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் எழுந்து பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் உடனே ஏறவில்லை. கூழாங்கல்லில் நின்று, புல் கட்டும் கம்பால் காட்டினார். தலை இந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம். சந்திரன் கரியால் கோடு போட்டான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே போட்டான். முளைகளையும் தட்டையும் வலது மூலையிலிருந்து பிடுங்கினோம். விறகைப் பின்பக்கம் தகரத்துக்குக் கீழே மாற்றினோம். கான் பக்கம் தரை சரிவாக இருந்த இடது மூலையில் கால் கழுவும் கேனும் செருப்பும் படங்கும் பால் வாளியும் போயின. உண்மையில் அதுதான் சரியான இடம். தண்ணீர் தானாகக் கானில் வடிந்தது. விறகை நகர்த்தச் சோம்பல்பட்டுத்தான் முதலில் நான் காய்ந்த மூலைக்குப் போயிருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மிஞ்சிய பலகையில் அவருக்கு முழங்கால் உயரத்துக்கு ஒரு படுக்கை அடித்தோம். படுக்கைக்கும் செருப்பு மூலைக்கும் நடுவில், சாரலும் சேறும் தெறிக்காமல் இடுப்பளவு ஒரு தட்டி.

"அப்பா, படுக்கைக்கு அடியில வாளி, கத்தி எல்லாம் வைக்கலாமே. எடம் சும்மாதானே கெடக்கு" என்றான் சந்திரன்.

நானும் மாமாவும் ஒரே நேரத்தில், "வைக்காத" என்றோம்.

ராக்கு அக்கா அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "போன மாசம் பங்களா. இந்த மாசம் ஆஸ்பத்திரிக் கட்டிலா?" என்றாள்.

"இல்ல தங்கச்சி" என்றார் மாமா, படுக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே. "செக்போஸ்ட். கால கழுவாம ஒருத்தி உள்ள போக முடியாது."

புஷ்பம் மேனகாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள். அங்கே போய்த்தான் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமையும் தினம் நான் போனேன். பகலில் இல்லை, பின்னேரம், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஒரு வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

தவணை முடிந்த நாள். அன்றைக்கும் மழை. தாய்மார் எல்லாம் காம்பராவில் உட்கார்ந்திருந்தார்கள். மேனகாவைத் தூக்கிக்கொண்டு வந்தது மாமாதான். பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் இடம் என்பதால் அவர் உள்ளே வரவில்லை. பிள்ளையைப் புஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

மிஸ்ஸி தராசை உத்தரத்துக் கொக்கியில் கொளுவினார். நான் அவர் பக்கத்தில் போனேன். நிறை ஏறிய பிறகு சொன்னால் அது பெருமையாகிவிடும். ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"மிஸ்ஸி, போன தடவ புஷ்பத்த ஏசுனீங்க. பிழை அவகிட்ட இல்ல. எங்கிட்ட." எல்லாத் தாய்மாரும் என்னைப் பார்த்தார்கள். "புள்ளைக்கு ஊட்டுற மனுசன் படுக்கிற எடத்துல நான் செருப்ப வச்சிட்டேன். கேக்காம வச்சேன். அவரு வீட்ட விட்டுப் போயிட்டாரு. அதுதான் நடந்தது."

மிஸ்ஸி தராசைப் பிடித்தபடி நின்றார். வாசலில் நின்ற கிழவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மமத் தெக்கே நே" என்றார். நானும் பார்க்கவில்லை என்று. புஷ்பத்தின் தோளில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

மேனகாவைத் தராசில் மாட்டினோம். மாட்டியதும் காலை உதைத்து வீறிட்டாள். முள் இங்கேயும் அங்கேயும் குதித்தது. மிஸ்ஸி பொறுத்துப் பார்த்தார். புஷ்பம் தட்டிக் கொடுத்தாள், நான் கிலுகிலுப்பையை ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

வாசலிலிருந்து, "பக் பக் பக்" என்று சத்தம் வந்தது.

மேனகா அழுகையை நிறுத்தினாள். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, தொங்கிக்கொண்டே, வாயை ஆவென்று திறந்தாள்.

முள் ஆடாமல் நின்றது. மிஸ்ஸி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அட்டையை வாங்கிப் புள்ளி வைத்தார். சரியான நிறைக்கு அது இன்னும் வெகு தூரம். ஆனால் போன புள்ளிக்கு மேலே இருந்தது. புஷ்பம் அட்டையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறியிருக்கா?" என்று மாமா குடைக்கடியிலிருந்து கேட்டார்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால், மழைச் சத்தத்துக்கும் மேலே அவருக்குக் கேட்கும்படி, "ஏறியிருக்கு மாமா" என்று நான்தான் சொன்னேன்.